குளிர்காலத்தில் உறங்கும் கார்

வண்டியை நிறுத்தி வைப்பதென்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நிழல்தான். ஒரு வேப்பமரமோ ஓட்டுச் சாய்ப்போ கிடைத்துவிட்டால் போதும். வெயிலிலிருந்து வண்டி தப்பியது என்று நிம்மதி அடைகிறோம். மழைக்காலமானால் மேலே ஓர் உறையைப் போர்த்துகிறோம். அதற்குமேல் நாம் கவலைப்படுவதில்லை.

ஆனால் உலகில் ஆண்டின் பல மாதங்கள் குளிரும் வெண்பனியும் ஆட்சி செலுத்தும் நாடுகள் உண்டு. கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்கள், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஜெர்மனி முதலிய இடங்களில் பலர் நவம்பர் மாதம் தங்கள் காரை ஷெட்டில் விட்டுப் பூட்டுகிறார்கள். மார்ச் அல்லது ஏப்ரலில்தான் மறுபடி வெளியே எடுக்கிறார்கள். கரடி குகைக்குள் புகுந்து குளிர்காலம் முழுதும் உறங்குவதைப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதுபோலவே இந்தக் கார்களும் உறங்குகின்றன. கரடிக்கு இயற்கையே கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்து ஆயத்தம் செய்துவிடுகிறது. காருக்கோ மனிதன்தான் அதைச் செய்ய வேண்டும். எப்படிச் செய்கிறான், ஏன் செய்கிறான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘எங்கள் வீட்டில் கார் இல்லையே, இது எங்களுக்கு எதற்கு?’ என்று சில மாணவியர் கேட்கக்கூடும். நம் அறிவியல் வகுப்பில் படிக்கும் உறைநிலை, ஆக்சிஜனேற்றம், அமிலம், காற்றழுத்தம் ஆகிய அத்தனையும் இந்த ஒரு வேலையில் ஒன்றாக வந்து நிற்கின்றன. மேலும் நம் ஊர்களிலிருந்து செவிலியராகவும் பொறியாளராகவும் குளிர் நாடுகளுக்குச் செல்வோர் பலர். நாளை உங்களில் ஒருத்தி டொரான்டோவிலோ மியூனிக்கிலோ குடியிருக்க நேர்ந்தால், இங்கே படிப்பவற்றுள் ஒரு செய்தி உயிரையே காக்கக்கூடும். அது எது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

எல்லாரும் காரை உறங்க வைப்பதில்லை

அந்நாடுகளில் அன்றாட வேலைக்குச் செல்வோர் பனிக்காலத்திலும் காரை ஓட்டத்தான் செய்கிறார்கள். அதற்கென்று தனி டயர்கள் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் மாட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். இரண்டாவது கார் வைத்திருப்போர், பழங்காலக் காரைப் பேணுவோர், குளிருக்கு அஞ்சி நான்கு மாதம் வெப்பமான பகுதிக்குச் சென்று தங்கும் முதியோர் ஆகியோரே காரை நிறுத்தி வைப்பவர்கள்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு முதல் அங்கே ‘பருவகால எண் பலகை’ வழங்கப்படுகிறது. பலகையின் வலப்பக்க ஓரத்தில் இரண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். மேலே 04, கீழே 10 என்றிருந்தால், அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் முடியச் சாலையில் ஓடலாம் என்று பொருள். அம்மாதங்களுக்கு மட்டுமே வரி. மற்ற மாதங்களில் அதைப் பொதுச் சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

முதற்பகைவன் உப்பு

குளிர் நாட்டில் காரைக் கெடுப்பது பனிதான் என்று நாம் நினைப்போம். உண்மையில் பனியைவிட அதிகம் கெடுப்பது உப்பு. சாலையில் பனிக்கட்டி படிந்தால் வண்டிகள் வழுக்கும், விபத்துகள் நேரும். ஆகவே அரசினர் சாலைகளில் டன் டன்னாக உப்பைத் தூவுகிறார்கள். நீர் பூஜ்யம் டிகிரி செல்சியஸில் உறைகிறது. உப்புக் கலந்த நீரோ அதற்குக் கீழே சென்றுதான் உறையும். எனவே பனிக்கட்டி உருகிச் சாலை தெளிவாகிறது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் பனிக்கட்டியோடு உப்பைச் சேர்ப்பதும் இதே விதிப்படிதான்.

மனிதருக்கு நன்மை செய்யும் இந்த உப்பு காரின் இரும்புக்குப் பகையாகிறது. உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால், துருப்பிடித்தல் என்னும் வேதிமாற்றம் மிக விரைவாக நடைபெறுகிறது. அதனால் காரை நிறுத்தி வைக்குமுன் முதல் வேலை குளிப்பாட்டுவது. மேலே மட்டும் துடைத்தால் போதாது. அடிப்பாகத்தையும் சக்கரங்களின் உட்புறத்தையும் மட்கார்டின் இடுக்குகளையும் நீரைப் பீய்ச்சிக் கழுவவேண்டும். கழுவியபின் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கிலும் இடுக்குகளிலும் தங்கிய ஈரத்தைப் போக்கவேண்டும். பின்னர் மேற்பூச்சின்மீது மெழுகு தடவுவது வழக்கம்.

பெட்ரோலும் கெடும்

பாலும் மோரும் கெடுவதை அறிவோம், பெட்ரோல் கெடுமா? கெடும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிறிது சிறிதாகப் பிசினைப்போல் மாறுகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி முதலிற் போய்விடுவதால், எஞ்சின் கிளம்புவதும் கடினமாகிறது. பிசின், எரிபொருள் செல்லும் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இப்போது பல நாடுகளில், நம் நாட்டிலும்கூட, பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று நிறைந்திருக்கும். இரவின் குளிரில் அந்த ஈரம் நீர்த்துளிகளாகப் படியும். இதனைத் தடுக்க அவர்கள் டாங்கை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறார்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. பெட்ரோல் கெடாமல் காக்கும் ஒரு திரவம் கடைகளில் விற்கிறது. அதைக் குறித்த அளவில் ஊற்றி, பத்து நிமிடம் காரை ஓட்டுகிறார்கள். அப்போதுதான் அது குழாய்கள் முழுதும் பரவும்.

எண்ணெயும் குளிர்நீரும்

எஞ்சின் எண்ணெயை வண்டியை எடுக்கும்போது மாற்றலாமே, இப்போது எதற்கு என்று தோன்றும். ஓடிய எண்ணெயில் புகைக்கரியும் நீரும் அமிலங்களும் கலந்திருக்கின்றன. அந்த அழுக்கோடு நான்கு மாதம் நின்றால் உட்பாகங்களை அரிக்கும். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவாமல் விடுமுறைக்கு ஊருக்குப் போவார் உண்டோ? ஆகவே நிறுத்துமுன்பே பழைய எண்ணெயை வடித்து, புதிய எண்ணெயும் புதிய வடிகட்டியும் இடுகிறார்கள்.

அடுத்தது ரேடியேட்டர். நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். மூடிய கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் புட்டி வெடித்துவிடும். எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் உறைந்தாலும் அப்படித்தான். இரும்பாலான எஞ்சினே பிளந்துவிடும். இதைத் தடுக்க நீருடன் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைக் கலக்கிறார்கள். நம் மெக்கானிக்குகள் ‘கூலண்ட்’ என்று சொல்வது இதைத்தான். இதில் ஒரு வியப்பு இருக்கிறது. தனி நீர் பூஜ்யத்தில் உறைகிறது. தனி எத்திலீன் கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழ் 13 டிகிரி அளவில் உறைகிறது. இரண்டையும் சமபங்கு சேர்த்தாலோ, பூஜ்யத்துக்குக் கீழ் 35 டிகிரியைத் தாண்டினால்தான் உறைகிறது! தனித்து நிற்கையில் இல்லாத வலிமை இணைந்து நிற்கையில் வந்துவிடுகிறது.

ஆனால் இத்திரவம் கொடிய நஞ்சு. அதன் சுவை இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கி மடிகின்றன, குழந்தைகளுக்கும் ஆபத்து. தரையில் சிந்தினால் உடனே துடைக்கவேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

பாட்டரியின் பசி

நின்றுகொண்டிருக்கும் காரிலும் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி, பூட்டைத் திறக்கும் மின்கருவி ஆகியவை சிறிது சிறிதாக மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். சில வாரங்களில் பாட்டரி தீர்ந்துவிடும்.

1859ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததே பெரும்பாலான கார்களில் உள்ள பாட்டரி. மின்னேறிய நிலையில் அதில் கந்தக அமிலம் வலிமையோடு இருக்கும். மின் தீரத் தீர அமிலம் ஈயத் தகடுகளிற் படிந்து, எஞ்சிய திரவம் வெறும் நீரை நெருங்கும். நீர் எளிதில் உறையும் அல்லவா? எனவே முழுதும் மின்னேறிய பாட்டரி பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்த பாட்டரியோ பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியை எட்டுமுன்பே உறைந்து வெடித்துப் போகக்கூடும். தவிர, நெடுநாள் தீர்ந்த நிலையில் கிடந்தால் தகடுகளிற் படிந்த உப்பு கெட்டியாகி, மறுபடி மின்னேற்ற இயலாமற் போகும்.

ஆகையால் முழுதும் மின்னேற்றிய பிறகே பாட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறார்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொடவேண்டும். எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருப்பதால், வரிசை மாறினால் ஸ்பானர் தவறி உடலிற் பட்டுத் தீப்பொறி பறக்கும். சிலர், தேவையறிந்து மெல்ல மின்னேற்றும் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். அருகில் தீக்குச்சி கூடாது. முழுதும் மின்சாரத்தில் ஓடும் கார்களுக்கு முறை வேறு. அவற்றின் லிதியம் பாட்டரியை முற்றிலும் தீர விடக்கூடாது. எந்த அளவில் வைப்பது என்பதற்கு அந்தந்தக் காரின் கையேடே வழிகாட்டி.

டயரும் பிரேக்கும்

வெப்பம் குறைந்தால் காற்றின் அழுத்தமும் குறையும். ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறைவுக்கு டயரின் அழுத்தம் சுமார் 1 பவுண்டு இறங்குகிறது. 20 டிகிரியில் 32 பவுண்டு அடைத்த டயர், பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் 26 பவுண்டுக்கு அருகில் வந்துவிடும். காற்றுக் குறைந்த டயர் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுந்தினால் அந்த இடம் தட்டையாகிவிடும். ஆகவே டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், வழக்கத்தைவிடச் சற்றே அதிகமாகக் காற்றடைக்கிறார்கள். சிலர் காரையே உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்துவதும் உண்டு. வெறும் ஜாக்கியை நம்பிக் காரை நிறுத்தி வைத்தல் ஆகாது.

ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைப்பது நம் எல்லாருக்கும் நல்ல பழக்கம். நெடுநாள் நிறுத்தும்போது மட்டும் அது தீய பழக்கமாகிவிடுகிறது. அழுந்திய பிரேக் கட்டைகள் ஈரத்தால் துருவேறி ஒட்டிக்கொள்ளும். எனவே சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறார்கள்.

அழையா விருந்தாளிகள்

வெளியே உறைபனி, உள்ளே மெத்தென்ற இருக்கை. எலிகளுக்கு இதைவிட நல்ல வீடு உண்டா? இருக்கையின் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டும். மின்கம்பிகளின் உறையைக் கடிக்கும். காற்று வடிகட்டியில் குட்டி போடும். அதனால் காரின் உள்ளே ஒரு பிஸ்கட் துணுக்கும் இல்லாமல் பெருக்கி எடுக்கிறார்கள். புகைக்குழாயின் வாயையும் காற்று புகும் குழாயின் வாயையும் இரும்புக் கம்பிச் சுருளால் அடைக்கிறார்கள். பாச்சை உருண்டை போடுவோரும் உண்டு. அதன் வாடை இருக்கையை விட்டு எளிதில் அகலாது, மூச்சுக்கும் நல்லதன்று.

மேலே போர்த்துவது காற்றோட்டமுள்ள துணி உறையாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினால் தரையின் ஈரம் உள்ளேயே அடைபட்டு, துருவும் பூஞ்சணமும் பெருகும்.

கடைசி வேலை சிறியது. ஆனால் மிகவும் மதிக்கத்தக்கது. என்னென்ன செய்தோம், எதை எங்கே அடைத்தோம், பாட்டரி எங்கே இருக்கிறது என்பவற்றை ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நான்கு மாதம் கழித்து நம் நினைவை நம்ப முடியாது. வண்டியை எடுப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

முன்பே சொன்ன செய்திக்கு இப்போது வருகிறோம். ‘வாரம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் நல்லது’ என்று பலர் நம்புகிறார்கள். இது இருவகையில் தவறு. முதலாவது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் நன்கு சூடேறாது. அந்த நீராவி வெளியேறாமல் எஞ்சினிலும் புகைக்குழாயிலும் படிந்து துருவை வளர்க்கும். ஓட்டுவதானால் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டவேண்டும். இல்லையேல் தொடாமல் விடவேண்டும்.

இரண்டாவது காரணம் மிகக் கொடியது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணும் மூக்கும் அதைக் காட்டிக்கொடுக்கமாட்டா. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையோடு இதைப் பற்றிக்கொள்கிறது. அதனால் உடல் முழுதும் ஆக்சிஜனின்றித் தவிக்கும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், பின்னர் நினைவு தப்பும், உயிரும் போகும். குளிருக்கு அஞ்சி ஷெட்டின் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டவர்கள் மாண்டிருக்கிறார்கள். ஷெட் வீட்டை ஒட்டியிருந்தால் புகை உள்ளே கசிந்து, உறங்கும் குழந்தைகளையும் கொல்லும். கதவைத் திறந்து வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. எஞ்சினை ஓடவிடுவது திறந்த வெளியில்தான். அந்நாடுகளில் வீடுதோறும் இவ்வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவியைப் பொருத்துமாறு வற்புறுத்துவது இதனால்தான்.

இது குளிர்நாட்டுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று எண்ணாதீர்கள். நம் வீடுகளில் மின்தடையின்போது ஓடவிடும் ஜெனரேட்டரும், மூடிய அறையில் எரியும் கரியடுப்பும் இதே வாயுவைத்தான் கக்குகின்றன. மழையென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைப்பது எமனை உள்ளே அழைப்பதாகும். பெற்றோரும் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

வசந்தத்தில் விழிப்பு

பனி உருகியதும் சாவியைத் திருகிவிட முடியாது. முதலில் அட்டையைப் படிக்கவேண்டும். புகைக்குழாயில் அடைத்ததை எடுக்கவேண்டும். எஞ்சின் மூடியைத் திறந்து எலிக்கூடு உண்டா, கம்பிகள் கடிபட்டனவா என்று பார்த்து, எண்ணெயும் கூலண்டும் சரிபார்க்கவேண்டும். டயரில் காற்றைச் சீர்செய்து, பாட்டரியை மாட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தபின், கட்டைகளை அகற்றவேண்டும். எஞ்சின் கிளம்பியதும் தாமதியாமல் காரை வெளியே கொண்டுவர வேண்டும். பிரேக் தகடுகளின் மேல் படிந்த மெல்லிய துரு முதலிற் கரகரக்கும். மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டினால் மறைந்துவிடும்.

நமக்கு என்ன பயன்?

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். வாரக்கணக்கில் நின்ற ஸ்கூட்டர்களும் கார்களும் பிறகு கிளம்ப மறுத்தன. பனியில்லாத நம் ஊரிலும் வண்டிக்கு உறக்கமும் உறக்கத்துக்கு ஆயத்தமும் உண்டு என்பதை அப்போது பலர் உணர்ந்தார்கள். தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்க, வீட்டு வண்டி மாதக்கணக்கில் நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உறைபனி நமக்கில்லை, ஆனால் தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. வெப்பத்தில் பாட்டரி இன்னும் விரைவாகத் தீரும். எலிகளோ எந்நாட்டிலும் எலிகளே. எனவே கழுவுதல், பாட்டரியைக் கழற்றுதல், காற்றடைத்தல், துணியால் போர்த்தல் ஆகியவை நமக்கும் பொருந்தும். கடன்பட்டு வாங்கிய ஒரு ஸ்கூட்டரை ஒரு மணி நேர உழைப்பால் காப்பாற்றலாம் என்றால் அதைச் செய்யாதிருப்பானேன்? ‘இது ஆண்களின் வேலை’ என்று ஒதுங்கவும் தேவையில்லை. ஸ்பானரைப் பிடிக்க வேண்டியது கை. வரிசையை நினைவில் வைக்க வேண்டியது அறிவு. இரண்டையும் ஆண்டவர் நமக்கும் தந்திருக்கிறார்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் உறங்கினார்கள். உறங்கியது குற்றமாகக் கருதப்படவில்லை. உறங்குமுன் எண்ணெயை ஆயத்தமாக வைத்திருந்தார்களா என்பதே அவர்களைப் பிரித்தது. தேர்வுக்கு முந்தின மாதமும், விடுமுறைக்கு முந்தின நாளும், பள்ளியை விட்டுப் பிரியும் ஆண்டும் நமக்கு அத்தகைய வேளைகளே. வேண்டியவற்றை இன்றே ஒழுங்கு செய்து வைப்போமாக.